ஆத்துச் சாயத்தைக் காந்தம் எடுத்த விபரம்

மொனராகலையில் இருக்கும் மரியாதைக்குரிய சம்பந்தியம்மா விஜயலெட்சுமி அவர்களுக்கு, பதுளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக் கீழ் டிவிசன் லயத்து வீட்டிலிருந்து பொன்னையா கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நானும் இராக்கம்மாவும் நலம். ஆறும் நலம். அந்த ஆறு நலமாகிய விசயத்தைத் தங்களுக்குத் தெரியப்படுத்தத்தான் இந்தக் கடுதாசி. அங்கே தாங்களும், மாப்பிள்ளை ஜெயரூபனும், மாசமாய் இருக்கும் எங்கள் மகள் சிவசக்தியும், அவள் வயித்தில் இருக்கும் பிள்ளையும் மாரியம்மன் காவலில் சொகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இத போன்லயே சொல்லியிருக்கலாம்தான். ஆனா நான் பேச ஆரம்பிச்சா உங்க பக்கம் சிக்னல் போயிருது. மாப்பிள்ளைக்கிட்ட பேசுனா அவருக்கு பெட்ரி எறங்கிருது. மொனராகலை வெயிலு அப்பிடி, பெட்ரி தாங்காதுன்னு நானே நெனச்சுக்கிட்டேன். கடுதாசிக்கு சிக்னலும் வேணாம் பெட்ரியும் வேணாம். நீங்க ஆறுதலா வாசிக்கலாம், நடுவுல எந்திரிச்சுப் போயி சோத்த வடிச்சு வச்சிட்டு வந்து மிச்சத்த வாசிக்கலாம்.

விசயம் என்னன்னா, ஏழாம் மாசம் வளையல் போட்டு தலைப்பிரசவத்துக்கு பொண்ண தாய் வீட்டுக்கு அனுப்புறது நம்ம வழக்கம். எங்க வீட்டுக்காரி இராக்கம்மா மடுல்சீமையில அவ தாய் வீட்டுக்குப் போனப்போ பஸ்ஸு கெடையாது, கொழுந்து லொறியில முன் சீட்டுல ஒக்கார வச்சு அனுப்புனோம், லொறிக்காரரு பயந்து பயந்து ஓட்டி, நடந்து வந்தவங்களே லொறிக்கு முன்னாடி போயிச் சேந்துட்டாங்க. அத அப்பறம் சொல்றேன். இப்ப சிவசக்திய அனுப்ப மாட்டேங்கிறீங்க. “மாமா, அங்க ஆத்துத் தண்ணி இப்பிடி கலர் கலரா ஓடுறப்ப எப்பிடி அனுப்புறது”ன்னு மாப்பிள்ளை போன்ல சொன்னாரு. சொல்லிட்டு பெட்ரி எறங்கிருச்சு. அவரு சொன்னதுல தப்பில்ல. தீவாளிக்கு வந்த நீங்க ஆத்துல எறங்கி கால் கழுவி, ரெண்டு காலும் நீலமாப் போயி, அப்பிடியே மொனராகலை பஸ் ஏறுனீங்க. பஸ்ஸுல ஒரு பொம்பள உங்க கால அம்மன் காலுன்னு நெனச்சு கும்பிட்டதா சிவசக்தி சொல்லிச்சு. அது நல்ல சகுனம்னு நான் சொன்னதுக்கு இராக்கம்மா என்னைய மொறச்சா.

அந்தச் சாயம் எங்க இருந்து வந்துச்சுன்னு உங்களுக்கு முழுசாத் தெரியாது. மேல் டிவிசன்ல ஒரு பழைய ஸ்டோரு, தேயிலை பெக்டரி, இருக்குல்ல, நான் காலமெல்லாம் தேயிலை சலிக்கிற பக்கம் வேல செஞ்ச அதே ஸ்டோருதான், அது மூடிக் கெடந்துச்சு. பண்டாரவளையில இருந்து முன்ஸிப் முதலாளி வந்து அத குத்தகைக்கு எடுத்து மெழுகால பூப்போடுற பத்திக் துணிக்கு சாயம் போட ஆரம்பிச்சாரு. எல்ல டவுனுக்கு ஊர் சுத்திப் பாக்க வாற வெள்ளக்காரங்க வாங்குற சாரம், சட்டையெல்லாம் அங்க இருந்துதான் போகுது. நல்ல மனுசன். எங்க லயத்துல பொண்ணுங்க நெறையப் பேருக்கு அங்கதான் வேல. ஆனா துணிய அலசுன தண்ணி நேரா ஆத்துக்கு. எல்லயில இப்ப எந்தக் கலரு ஓடுதுன்னு நாங்க லயத்துல இருந்தே சொல்லிருவோம். சிவப்பு வந்தா வெள்ளக்காரங்களுக்கு சிவப்புல ஆச. பச்சை வந்தா கடற்கரைப் பக்கம் குளிச்சிட்டு எல்லக்கு ஏறி வாறவங்க கூடிட்டாங்கன்னு அர்த்தம். எங்க சட்டி தாச்சியெல்லாம் நெறம் மாறி, துணியெல்லாம் நெறம் மாறி, கடைசியில கோயில் பூசாரி வேட்டி ஊதாவா வந்தப்பதான் எல்லாரும் சேந்து முதலாளிய பாக்கப் போனோம்.

முதலாளி சண்டைக்கு வரல்ல. “பொன்னையாண்ணே, நானும் இதப் பத்திதான் தேடிக்கிட்டு இருக்கேன், யுனிவர்சிட்டி கம்பஸ்ல ஒரு மிஸ் இருக்காங்க, சாயத் தண்ணிய சுத்தம் பண்றதப் பத்தியே படிக்கிறாங்க, கூப்பிட்டிருக்கேன்”னு டீ போட்டுக் குடுத்தாரு. டீ நல்ல டீ. நான் அந்த ஸ்டோர்ல இருந்த காலத்துல கூட அப்பிடி ஒரு டீ எங்களுக்கு குடுக்கல. வந்தவங்கதான் ஸிஹாமா மிஸ். சின்னப் பிள்ளையா இருக்காங்க, கண்ணாடி போட்டிருக்காங்க, அட்டைக்கு மட்டும் பயம். சாயத் தண்ணிய ஆத்துக்கு விடாம சேத்து வச்சு சுத்தம் பண்ண ஸ்டோர்ல ஒரு தொட்டி கட்ட வச்சு, அத பாத்துக்க ஒரு ஆளு வேணும்னாங்க. “அந்தக் கட்டடத்துல ஒவ்வொரு ஆணியும் எனக்குத் தெரியும்”னு நான் முன்னாடி போயி நின்னேன். எதுக்கு நின்னேன்? மக வீட்டுக்கு வரணும்னுதான். தண்ணி தெளிஞ்சா மக வருவா, அம்புட்டுதான் என் கணக்கு.

இப்ப தண்ணிக்குச் செஞ்ச மருத்துவத்த சொல்றேன், கவனமா வாசிங்க. சாயம்ங்கிறது கண்ணு கண்ணா கோத்த சங்கிலியாம். அந்தச் சங்கிலி முழுசா இருக்குற வரைக்கும்தான் கலரு. அறுத்துட்டா கலரு இல்ல, இன்னும் அறுத்துக்கிட்டே போனா கடைசியில வெறுங்காத்தும் தண்ணியுமா போயிருமாம். அறுக்கிறதுக்கு பெரொக்சைட்டுன்னு ஒரு தண்ணி. கேன்ல வருது, பாக்க மலை ஊத்துல இருந்து விழுற பீலித் தண்ணி மாதிரி தெளிவு. ஆனா அது தனியா சாயத் தண்ணில போட்டா சோம்பேறி, சும்மா கெடக்கும். கூட ஒரு கறுப்புத் தூள் போடணும். இரும்புத் தூள்தான், ஆனா சாதாரண இரும்பில்ல, நேனோவாம். எம்புட்டு சின்னதுன்னா, தேயிலையில கடைசித் தரம் டஸ்ட்டு இருக்குல்ல, அது பறந்து போயி ஸ்டோர் மோட்டுல ஒட்டிக்கிட்டு இருக்கும்ல, அதுல ஒண்ண எடுத்து தோட்டம் அகலத்துக்கு பெருசாக்குனா, அதுல ஒரு கல்லு அம்புட்டு இருக்குமாம் இந்தத் தூளு. தனியா கண்ணுக்குத் தெரியாது. கூட்டமாத்தான் தெரியும்.

இந்தத் தூளு என்ன செய்யுதுன்னு மிஸ் ரொம்ப நேரம் வெளங்கப்படுத்துனாங்க. நான் ஒரே வார்த்தையில புடிச்சிட்டேன். தூளு கங்காணி மாதிரி. மலையில கொழுந்து எடுக்கிறது பொம்பளைங்க, கங்காணி ஒரு கொழுந்தும் கிள்ள மாட்டாரு, ஆனா அவரு பக்கத்துல நின்னாத்தான் வேல ஓடும். அந்தியில அவரு அப்பிடியே, போனபடியே, சட்ட கசங்காம வீட்டுக்கு வருவாரு, அடுத்த நாள் காலையில ஆள் எண்ணுற பெரட்டுக்கு மறுபடி வந்து நிப்பாரு. தூளும் அப்பிடித்தான். பெரொக்சைட்ட வேல வாங்கிட்டு, தான் தேயாம, கரையாம நிக்கும். மறுநாளுக்கும் அதே தூளு. மிஸ் இத கேட்டு சிரிச்சு, “அங்கிள், இத நான் வகுப்புல சொல்லலாமா”ன்னு கேட்டாங்க. சொல்லுங்கன்னேன். எங்க கங்காணிக்கிட்டயும் போயிச் சொன்னேன். அவரு இன்னும் என்னோட பேசல.

தண்ணிய முதல்ல புளிப்பாக்கணும், ரசத்துக்குப் புளி கரைக்கிற மாதிரி. ஒரு தாளு இருக்கு, நனைச்சா கலர் மாறி புளிப்பச் சொல்லும். “நாக்குல வச்சுப் பாத்தா தாளு மிச்சம் மிஸ்”னு நான் சொன்னதுக்கு என்னைய ஒரு ஓரமா கூட்டிட்டுப் போயி, தொட்டியில இருக்கிற எதையும் வாயில வைக்கமாட்டேன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாங்க. அப்பறம் தூளு, அப்பறம் பெரொக்சைட்டு, அப்பறம் துடுப்ப சுத்த விட்டு காத்திருக்கணும். கொஞ்சங் கொஞ்சமா ஊதா வெளுத்து, ரோசாவாகி, தேத்தண்ணி கலராகி, அப்பறம் கலரே இருக்காது. அப்ப காந்தத்த எறக்கணும். பெரிய காந்தம், பொலித்தீன் உறை போட்டு எறக்கணும். தூளெல்லாம் ஓடி வந்து தேனீ கூடு கட்டுன மாதிரி ஒட்டிக்கும். தூக்கி, நல்ல தண்ணி இருக்கிற பேசினுக்கு மேல புடிச்சு காந்தத்த உறையில இருந்து உருவுனா தூளு பேசினுல விழுந்துரும், மறுபடி தொட்டிக்கு ஊத்திக்கலாம். கடைசியில சுண்ணாம்பு போட்டு புளிப்ப எடுத்து, மிஸ் சொன்ன சோதனையெல்லாம் பாத்து, அப்பறந்தான் ஆத்துக்கு. கலரு போனவொடனே தொறந்து விட்டுரக் கூடாதாம், மிச்ச பெரொக்சைட்டு சாகுற வரைக்கும் வச்சிருக்கணுமாம், இல்லாட்டி மீனு செத்துரும்.

மீன் மட்டுமில்ல, அது மீசையையும் விடாது. ஒரு நாள் கேனைத் தொறந்து ஊத்துறப்ப கொஞ்சம் துணில பட்டுச்சு. அந்தத் துணியாலயே வேர்வைன்னு மூஞ்ச தொடச்சேன். கன்னம் சுள்ளுன்னு வெள்ளையாப் போச்சு, ஓடிப்போயி பீலியில கழுவுனேன். அடுத்த நாள் பாத்தா மீசை தங்கக் கலரு. நான் மாசா மாசம் கறுப்புச் சாயம் போட்டு காப்பாத்துன மீசை. ஒரு வேலையா எல்ல டவுனுக்குப் போனேன், அங்க ஒரு வெள்ளக்காரரு என்கிட்ட வந்து அவரு பாசையில ஊரு எதுன்னு கேட்டாரு. இராக்கம்மா மீசைய உத்துப் பாத்தா. “சாயத்த எடுக்குதுன்னு நீங்க சொன்னப்ப நம்பல, இப்ப நம்புறேன்”னு மட்டும் சொன்னா. அதுக்கப்பறம் மிஸ் கையுறையும் கண்ணாடியும் குடுத்து, அதப் போடாம கேன் பக்கம் வந்தா முதலாளிக்கிட்ட சொல்லிருவேன்னாங்க.

இப்ப முக்கியமான இடத்துக்கு வாறேன். இத மத்தவங்க வாயால கேட்டா தப்பாத் தெரியும், அதனால நானே சொல்லிர்றேன். மிஸ் ஆரம்பத்துல கூட இருந்து காட்டிக் குடுத்துட்டு கம்பஸ் போயிட்டாங்க. முதல்ல தண்ணி நல்லாத் தெளிஞ்சுச்சு. அப்பறம் நாளுக்கு நாள் மந்தமாச்சு. ஊதா ரோசாவோட நின்னுச்சு. அப்பறம் ஊதாவாவே நின்னுச்சு. நான் பெரொக்சைட்ட கூட்டிப் பாத்தேன், துடுப்ப நெறைய நேரம் சுத்த விட்டேன், தொட்டிக்கு திருஷ்டி கழிச்சு பூசணிக்கா ஒடச்சேன். முதலாளி வந்து எட்டிப் பாத்துட்டு, “பொன்னையாண்ணே, இது சரிவரல்லன்னா நான் சாயம் போடுறதையே நிப்பாட்டணும், அந்தப் பொண்ணுங்க எல்லாம் வீட்டுக்குத்தான்”னு ரொம்ப மனசு விட்டுப் போயி சொன்னாரு. எனக்கு தூக்கம் வரல்ல. பொண்ணுங்க வேலையும் போகும், தண்ணியும் கெட்டபடி, என் மகளும் வரமாட்டா. மிஸ்ஸுக்கு செய்தி போச்சு, ஓடி வந்தாங்க.

வந்தவங்க புளிப்பு பாத்தாங்க, சரி. பெரொக்சைட்டு பாத்தாங்க, சரி. துடுப்பு பாத்தாங்க, சரி. நான் காந்தத்த கையில வச்சுக்கிட்டு பக்கத்துல நின்னேன். கண்ணாடி மாதிரி மின்னுது காந்தம்.

“அங்கிள், காந்தம் ரொம்ப சுத்தமா இருக்கே.”

“தெனம் தொடைக்கிறேன் மிஸ். ஒரு பொட்டுத் தூசி நிக்க விடமாட்டேன்.”

“அதுல ஒட்டுன தூள்?”

“அத சுத்தமா வழிச்சு எடுத்துருவேன்.”

“எடுத்து?”

“வெளிய போட்டுருவேன்.”

மிஸ் பக்கத்துல இருந்த வாளியக் கவுத்து அதுல ஒக்காந்துட்டாங்க.

இதுல என் தப்பு என்னன்னு நீங்களே சொல்லுங்க சம்பந்தியம்மா. மிஸ் சொன்னது காதுல கேட்டுச்சு, வெளங்குச்சு, கங்காணின்னு பேரே வச்சவன் நான். ஆனா கை கேக்கல. அது ஸ்டோர்ல பழகுன கை. தேயிலை சலிக்கிற எடத்துல பெல்ட்டுக்கு மேல காந்தம் தொங்கும், உருட்டுற மெசின்ல தேஞ்சு வாற இரும்புத் தூசிய தேயிலையில இருந்து புடிக்கிறதுக்கு. அந்தக் காந்தத்த தொடைக்கிறதுதான் என் வேல. காந்தத்துல ஒட்டுறது குப்பை, அத வழிச்சு வெளிய போடணும், துரை வந்து கைலேஞ்சியால தேச்சுப் பாத்தா கைலேஞ்சி வெள்ளையாவே இருக்கணும். காலமெல்லாம் அப்பிடி வாழ்ந்தவன் கையில காந்தத்தக் குடுத்து, இனி ஒட்டுறதுதான் மருந்து, விட்டதுதான் குப்பைன்னா கை எப்பிடிங்க கேக்கும். தெனம் அந்தியில கங்காணிய தோட்டத்த விட்டே தொரத்திக்கிட்டு இருந்திருக்கேன். காலையில பெரட்டுல நிக்க ஆளில்ல, பெரொக்சைட்டு சும்மா ஒக்காந்துருச்சு.

“எங்க போட்டீங்க அங்கிள்? ஆத்துலயா?” மிஸ் வாளியில இருந்து துள்ளி எந்திரிச்சாங்க.

“சேச்சே. ஆத்துல குப்ப போடுவேனா. இராக்கம்மாவோட போஞ்சிக்காய்ப் பாத்தியில.”

அப்ப மிஸ் மொகத்துல ஒரு வெளிச்சம் வந்துச்சு பாருங்க. இரும்புதானே, காந்தம் இருக்கே. எல்லாரும் லயத்துக்கு எறங்குனோம். முன்னாடி காந்தத்தத் தூக்கிக்கிட்டு நான், பின்னாடி மிஸ், அதுக்குப் பின்னாடி முதலாளி, அவருக்குப் பின்னாடி சாயம் போடுற பொண்ணுங்க எல்லாம், சாமி ஊர்வலம் மாதிரி. போஞ்சிப் பாத்தியில காந்தத்த இழுக்க இழுக்க, தூளு வந்துச்சு. கூடவே என்னென்ன வந்துச்சுன்னா, துருப்புடிச்ச லாடம், ஊக்கு, சோடா மூடி, எங்க பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரங்க எப்பவோ காணாமப் போச்சுன்னு எங்க மேல சந்தேகப்பட்ட, தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தி. அத இராக்கம்மா எடுத்து சீலையில மறைச்சத நான் பாக்கல. அவ வாசல்ல நின்னுக்கிட்டு, “பாத்திய கொத்த எத்தன நாள் கூப்பிட்டேன், வரல்ல. இப்ப கம்பஸ்ல இருந்து ஆள் வந்து கொத்துது”ன்னா. முதலாளி வெரப்பா நிக்கிற ஒரு போஞ்சிக்காய ஒடிச்சுப் பாத்துட்டு, “அக்கா, இத காந்தத்துகிட்ட கொண்டு போகாதீங்க”ன்னாரு. அன்னைக்கி முதல்தடவ மிஸ் சிரிச்சாங்க.

அந்தத் தூள கழுவி கழுவி எடுத்தோம். எங்க செம்மண்ணுலயே கொஞ்சம் காந்தத்துக்கு ஆசப்படுற மண்ணு இருக்காம், அதுவும் சேந்து வந்துருச்சு. மிஸ் அத ஒரு குப்பியில போட்டு ஊதாத் தண்ணி ஊத்திப் பாத்தாங்க. மெதுவா, ஆனா வெளுத்துச்சு. “மண்ணுக்குள்ள கெடந்தும் வேல செய்யுது அங்கிள்”னு என் கையப் புடிச்சுக்கிட்டாங்க. கொறஞ்சதுக்கு கம்பஸ்ல இருந்து புதுத் தூளு கொண்டு வந்தாங்க. அன்னையில இருந்து நான் காந்தத்துல ஒட்டுனத வழிக்கிறப்பவெல்லாம் “கங்காணி வாங்க, கங்காணி வாங்க”ன்னு சத்தமா சொல்லிக்கிட்டே பேசினுல எறக்குவேன். அப்பிடிச் சொன்னாத்தான் கைக்கு ஞாவகம் வருது. ஒரு தடவ உண்மையான கங்காணி அந்தப் பக்கமா போனவரு திரும்பிப் பாத்துட்டாரு. அதனால அவரோட சண்ட இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கு, அது பெரிசில்ல.

இப்ப ஆறு தெளிஞ்சு ஓடுது. அடியில கல்லு தெரியுது. லயத்துச் சனம் லேசுல நம்பல, “இன்னைக்கி முதலாளி லீவு விட்டிருப்பாரு”ன்னாங்க. நான் கல்யாணத்துக்குக் கட்டுன பட்டுக்கரை வேட்டிய எடுத்துக்கிட்டு, எல்லாரும் பாக்க ஆத்துல நனைச்சு அலசி பாறையில காயப் போட்டேன். மேல ஸ்டோர்ல அன்னைக்கி கடுஞ்சிவப்பு ஓடுது. வேட்டி வெள்ள வேட்டியாவே காஞ்சுச்சு. எல்லாரும் வேட்டிய தொட்டுத் தொட்டுப் பாத்தாங்க. இராக்கம்மாதான், “ஒரு வேட்டிய வெள்ளையா வச்சிருக்க ஊரே சேந்து இம்புட்டுப் பாடு”ன்னு சொல்லிட்டு கொடத்த எடுத்துக்கிட்டு எறங்குனா. அவ எறங்குனதப் பாத்துத்தான் மத்தவங்களும் எறங்குனாங்க.

அதனால சம்பந்தியம்மா, இனி யோசிக்க ஒண்ணுமில்ல. காம்பராவுக்கு வெள்ளையடிச்சாச்சு. தொட்டில் கட்ட மோட்டுல கொக்கி போட்டாச்சு, தொங்கிப் பாத்தாச்சு, தாங்குது. குடிக்கிறது பீலித் தண்ணி, அது எப்பவும் சுத்தம். குளிக்க, துணி அலச ஆறு, அதுக்கு நான் ஜவாப்தாரி. பதுளைப் பெரியாஸ்பத்திரி பஸ்ஸுக்கு ஏறுனா எறங்குற தூரம். மிட்வைப் மிஸ்ஸி வீட்டுக்கே வந்து பாத்துட்டுப் போவாங்க. வளையல் போட நல்ல நாள் பாத்து சொல்லுங்க, நானும் இராக்கம்மாவும் வந்து பொண்ணக் கூட்டிட்டு வாறோம். வாற வழியில பஸ்ஸுல அந்த மடுல்சீமை லொறிக் கதைய சிவசக்திக்கு முழுசாச் சொல்லிக்கிட்டே வரலாம்னு இருக்கேன்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. தங்களுக்கு என் கும்பிடு. சிவசக்திக்கும் அவ வயித்துப் பிள்ளைக்கும் இந்தக் கெழவன் தலையில கைய வச்சு, நல்லா இருங்கன்னு சொன்னதா நெனச்சுக்கச் சொல்லுங்க. முதலாளியும் ஸிஹாமா மிஸ்ஸும் விசாரிச்சதாச் சொல்லச் சொன்னாங்க.

இப்படிக்குத் தங்கள் நலம் நாடும் சம்பந்தி,
பொன்னையா.

பின்குறிப்பு: கடுதாசிய மடிச்சு முத்திரை ஒட்டி வச்ச நேரம் சிவசக்தி போன் பண்ணுச்சு, அதனால திரும்பப் பிரிச்சு எழுதுறேன். தண்ணி தெளிஞ்சிருச்சு பிள்ள, அத்தைக்கு எழுதியிருக்கேன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்ல. சிக்னல்னு நெனச்சேன். “அப்பா, அத்தை தண்ணியப் பத்தி ஒண்ணுமே சொல்லல. நான்தான் அவர அப்பிடி சொல்லச் சொன்னேன்”னா. ஏன் பிள்ளன்னேன். “எனக்கு கொஞ்சம் தூங்கணும்ப்பா”ன்னா. இங்க தூங்கலாமேன்னு, புதுசா பின்னுன கட்டிலப் பத்தி, அந்தக் கயிறு எங்க வாங்குனேங்கிறதப் பத்தி, கயித்துக்காரரு மகன் கட்டாருக்குப் போனதப் பத்தி எல்லாம் சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு, “இதத்தாம்ப்பா சொல்றேன்”னா.

இராக்கம்மாவுக்கு ஆரம்பத்துல இருந்தே தெரியுமாம். ஏன் சொல்லலன்னு கேட்டேன். “எங்க சொல்ல விட்டீங்க. சொல்லியிருந்தா ஆறு தெளிஞ்சிருக்குமா”ங்கிறா.

ஒரு வாரம் பேசாம இருந்து காட்டுங்க, வாறேன்னு பிள்ள சொல்லியிருக்கா. சம்பந்தியம்மா, மேல எழுதினது எதையும் நீங்க வாசிக்க வேணாம். பொண்ண அனுப்புங்க. நான் பேசல.